அளவு நோட்டுல மிச்சம் கிடக்குற பக்கம்

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயசு, திருமங்கலம் பக்கம். எங்கப்பா டெய்லர். ஏழு மாசத்துக்கு முன்னாடி கடையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல. அதுலருந்து சாவப் பத்தின புத்தகமாவே தேடித் தேடிப் படிக்கிறேன், வேற எதுவும் உள்ள எறங்க மாட்டேங்குது. அத்தை பாத்துட்டு "எழவுப் புத்தகத்த வீட்டுக்குள்ள வச்சுப் படிச்சா இன்னொரு எழவு விழும்"னு சத்தம் போடுறாங்க. துக்கத்துக்கு அஞ்சு ஸ்டேஜ்னு ஒரு வீடியோல பாத்தேன், நான் எதுல இருக்கேன்னே தெரியல. நேத்து கோவம், இன்னைக்கு ஒண்ணுமே இல்ல, நாளைக்கு மறுபடி அழுகை. இந்தப் புத்தகம் எழுதுனவங்கல்லாம் எப்படிக்கா இதை உக்காந்து எழுதுனாங்க, எது எழுத வைக்குது அவங்கள? நானும் அப்பாவோட அளவு நோட்டுல கடைசியில மிச்சம் இருக்குற பக்கத்துல ராத்திரியானா எதையாவது கிறுக்கிட்டு இருக்கேன். அம்மாவுக்குத் தெரியாது. இது தப்பா? (பேர் போட வேண்டாம்.)

பதில்: அக்கான்னு கூப்பிட்டு எழுதியிருக்கீங்க, சந்தோஷம்மா. நான் மட்டும் நீங்கன்னுதான் எழுதுவேன், கவுன்சிலிங் ரூம்ல இருபது வருஷமா ஒட்டிக்கிட்ட பழக்கம், இனி மாறாது. உங்க லெட்டர் நாலு பக்கம், இங்க சுருக்கித்தான் போட்டுருக்கு. ஆனா நான் பதில் எழுத உக்காந்ததே நீங்க போறபோக்குல சொல்லிட்டுப் போன ரெண்டு விஷயத்துக்காகத்தான். ஒண்ணு, மிஷின் மேல சுருண்டு கிடக்குற இஞ்ச் டேப்ப எடுத்து உள்ள வைக்க மனசு வரல, வச்சா அப்பா வந்து தேடுவாரேன்னு இருக்குன்னு எழுதியிருந்தீங்க. ரெண்டாவது அந்த அளவு நோட்டு. வருஷா வருஷம் மே மாசக் கடைசில உங்க பேரு வருது, ஸ்கூல் யூனிஃபார்ம் அளவு, ஒண்ணாப்புல ஆரம்பிச்சு பன்னெண்டாப்பு வரைக்கும், அதுல எட்டாப்புலருந்து மட்டும் எழுத்து அப்பாவோடது இல்ல, அம்மாவோடதுன்னு சொல்லியிருந்தீங்க. இதைப் படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் லெட்டர மடிச்சு வச்சுட்டேன்.

தப்பாங்குறீங்களே, தப்பே இல்ல. இதை முதல்ல சொல்லிர்றேன், மிச்சத்த நிதானமா பேசுவோம்.

இஞ்ச் டேப்ப எடுக்க முடியலங்குறது பைத்தியக்காரத்தனமோன்னு கேட்டீங்கள்ல, அமெரிக்காவுல ஜோன் டிடியன்னு ஒரு எழுத்தாளர் இருந்தாங்க. 2003 டிசம்பர் 30 ராத்திரி சாப்பாட்டு டேபிள்ல பேசிக்கிட்டே இருந்த அவங்க வீட்டுக்காரர் அப்படியே சாஞ்சுட்டார், மாரடைப்பு, உங்கப்பா மாதிரியேதான். கொஞ்ச நாள் கழிச்சு அவரு துணிமணியெல்லாம் எடுத்து யாருக்காச்சும் குடுத்துரலாம்னு ஆரம்பிச்சவங்க, ஷூகிட்ட வந்ததும் நின்னுட்டாங்க. திரும்பி வந்தாருன்னா போட்டுக்கிற ஷூ வேணுமேன்னு. ஆஸ்பத்திரியில பாத்துருக்காங்க, எல்லா காரியமும் முடிச்சுருக்காங்க, ஊரே மதிக்கிற விவரமான பொம்பள, ஆனா ஷூவக் குடுக்க முடியல. ஒம்பது மாசம் கழிச்சு 2004 அக்டோபர்ல எழுத உக்காந்தாங்க, அந்த வருஷக் கடைசி நாள்லயே எழுதி முடிச்சுட்டாங்க. 'தி இயர் ஆஃப் மேஜிக்கல் திங்கிங்'னு பேரு. நாம இதைச் செஞ்சா, இல்ல செய்யாம விட்டா போன ஆளு வந்துருவாருன்னு புத்திக்குத் தெரியாம மனசு ஒரு கணக்குப் போட்டுக்கிட்டே இருக்குமே, அந்தக் கணக்குதான் அந்தப் பேரு. புத்தகம் 2005ல கடைக்கு வர்றதுக்குள்ள அவங்க ஒரே மகளும் போயிட்டாங்க. மகளுக்கு அப்புறமா தனியா இன்னொண்ணு எழுதுனாங்க. அதை இப்ப தேடாதீங்க, மெதுவா பாத்துக்கலாம்.

எது எழுத வைக்குதுன்னு கேட்டீங்க. நான் இலக்கிய ஆளு இல்ல, ஆனா என் ரூமுக்கு வர்றவங்க பேசுறதையும் இந்த மாதிரி புத்தகங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்ததுல எனக்குப் படுறது இதுதான்: சாவு யாரையும் எழுத வைக்கிறதில்ல, அது வாயடைக்கத்தான் செய்யும். எழுத வைக்கிறது மிச்சம் கிடக்குற சாமான். ஷூ, மூக்குக்கண்ணாடி, பாதி தீந்த மாத்திரை அட்டை, இஞ்ச் டேப். ஆளு இல்ல ஆனா ஆளோட சாமான் இருக்கு, அதை எங்க வைக்கிறதுன்னு தெரியல, வைக்க எடமில்லாததத்தான் தாள்ல வைக்கிறாங்க.

நம்ம ஊர்க்காரங்க இதை ரொம்ப முன்னாடியே செஞ்சு வச்சுட்டாங்க. நீங்க கீழடி பக்கம் போயிருக்கீங்களா, அங்க கொந்தகைன்னு ஒரு ஊரு, அங்கதான் முதுமக்கள் தாழி நெறைய எடுத்தாங்க, பெரிய பெரிய மண்பானை, உள்ள எலும்பு. 2023ல திறந்த கீழடி மியூசியத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம நான் போயிருந்தேன், பக்கத்துல ஒரு சின்னப் பையன் "இதுக்குள்ள எப்படிப்பா ஆளு புடிப்பாங்க"ன்னு கேட்டுட்டே இருந்தான். எனக்கு அப்ப புறநானூறு 256ஆம் பாட்டு ஞாபகம் வந்துச்சு. புருஷன் செத்துப்போன ஒருத்தி குயவர்கிட்ட கேக்குறா, "கலஞ்செய் கோவே, கலஞ்செய் கோவே"ன்னு ரெண்டு தடவ கூப்பிட்டு, தாழியக் கொஞ்சம் அகலமா செய்யிய்யா, எனக்கும் சேத்துங்குறா. அதுக்கு அவ சொல்ற காரணத்தக் கேளுங்க, வண்டிச் சக்கரத்து ஆரக்கால்ல ஒட்டிக்கிட்டு இருக்குற சின்ன வெள்ளப் பல்லி மாதிரி அவரோட எத்தனையோ காட்டு வழி வந்தவ நான்னு சொல்றா. "சிறுவெண் பல்லி போல". எழுதுனது யாருன்னு பேர்கூட இல்ல. அன்பு, பிரிவு, துயரம் எந்த வார்த்தையும் அதுல இல்ல பாருங்க, ஒரு பானையோட அகலமும் ஒரு பல்லியும்தான் இருக்கு. டெய்லர் மகளுக்கு இது வேற யாரையும்விட நல்லா புரியும், அவ கேக்குறது ஒரு அளவுதானே.

பறம்புமலைப் பாட்டும் அப்படித்தான். அஞ்சே வரி, அப்பா போனதப் பத்தி பாரி மகளிர் பாடுனது, போன மாசம் இதே நிலா இருந்தப்ப அப்பா இருந்தாரு, மலையும் எங்ககிட்ட இருந்துச்சு, இந்த மாச நிலாவுல ரெண்டும் இல்லன்னு. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு மறந்துருப்பீங்க. சிங்கம்புணரி பக்கத்துல பிரான்மலைதான் அந்த மலைன்னு சொல்றாங்க, நம்மூர்லருந்து பஸ்ல போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம். இப்ப இருபத்தேழு வயசுல, அப்பா இல்லாம, அந்தப் பாட்ட மறுபடி ஒருக்கா வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க.

அப்புறம் அந்த அஞ்சு ஸ்டேஜ். இதைப் பத்தி எனக்குக் கொஞ்சம் கடுப்பு உண்டும்மா, வாரத்துக்கு ஒருத்தராச்சும் வந்து "மேடம் நான் மூணுல மாட்டிக்கிட்டேன்"ங்குறாங்க, ஏதோ மாட்டுத்தாவணி போற பஸ்ஸு காளவாசல்ல நின்னு போன மாதிரி. அது எலிசபெத் கூப்ளர் ராஸ்னு ஒரு மனநல டாக்டரம்மா 1969ல எழுதுன புத்தகத்துலருந்து வந்தது. அவங்க சிகாகோவுல சாகக் கெடக்குற நோயாளிங்ககிட்ட உக்காந்து பேசி, தான் சாகப்போறோம்னு தெரிஞ்ச ஆளுக்கு என்னென்ன தோணுதுன்னு எழுதுனாங்க. மறுக்குறது, கோவம், பேரம் பேசுறது, சோர்ந்து போறது, ஏத்துக்குறது. சாகுறவங்களுக்குச் சொன்னத அப்புறமா அழுறவங்களுக்கும் மாட்டி விட்டுட்டாங்க, அதையும் படிக்கட்டு மாதிரி வரிசையா ஏறணும்னு வீடியோ போடுறவங்க சேத்துக்கிட்டாங்க. அந்த டாக்டரம்மாவே பின்னாடி எல்லாருக்கும் இந்த வரிசையில வராதுன்னு சொல்லியிருக்காங்க. நேத்து கோவம் இன்னைக்கு ஒண்ணுமில்ல நாளைக்கு அழுகைன்னு எழுதியிருக்கீங்களே, நான் பாத்த முக்காவாசிப் பேருக்கு அப்படித்தான் வருது. அந்த வீடியோவ அழிச்சுருங்க.

பதினாறு முடிஞ்ச மறுநாளே புரோட்டா சால்னா சாப்பிடணும்போல இருந்துச்சு, தம்பிய விட்டு வாங்கிட்டு வரச்சொல்லி சாப்பிட்டேன், அதை நெனச்சா அசிங்கமா இருக்குன்னும் எழுதியிருந்தீங்க. இதுக்கும் ஒரு பாட்டு இருக்கு, புறநானூறு 245. பொண்டாட்டி செத்துப்போன ஒரு சேர ராஜா பாடுனது. என் துக்கம் எம்புட்டு பெருசா இருந்தா என்ன, என் உசுர எடுக்குற அளவுக்கு அதுக்குத் தெம்பு இல்லையே, அவளக் களர் நிலத்துல விறகடுக்குல வச்சுட்டு வந்தும் "இன்னும் வாழ்வல்", இது என்ன லட்சணம்யான்னு தன்னையே கேட்டுக்குறாரு. ராஜாவுக்கே உங்க புரோட்டா வெக்கம்தான். எங்கம்மா போனப்ப எனக்கு அழுகையே வரல, காபி டிகாக்ஷன் நல்லா எறங்கியிருக்கான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன், கேதத்துக்கு வந்தவங்க என்ன நெனச்சாங்களோ. கவுன்சிலருங்குறதால எனக்கு மட்டும் தனியா ஒண்ணும் வேலை செய்யல. மூணு மாசம் கழிச்சு ஃப்ரிட்ஜ் அடியில அம்மா எழுதி வச்ச பால் கணக்குச் சீட்டு கெடச்சப்பதான் வந்துச்சு, வந்தது ரெண்டு நாளைக்கு நிக்கல.

நோட்டுல எழுதுறது சரியான்னு கேட்டீங்க, அதுக்கு வர்றேன். இங்கிலாந்துல சி.எஸ். லூயிஸ்னு ஒருத்தர், குழந்தைங்க கதை, கிறிஸ்தவம் பத்தின புத்தகம்னு பெரிய பேரு. 1960 ஜூலையில அவரு மனைவி கேன்சர்ல போயிட்டாங்க. வீட்டுல கிடந்த எழுதாத நோட்ட எடுத்து கிறுக்க ஆரம்பிச்சாரு, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு ஆச்சு. நாலாவதுதான் வீட்டுல இருந்த கடைசி நோட்டு, இது தீந்ததும் நிறுத்திருவேன், இதுக்குன்னு புதுசா நோட்டு வாங்க மாட்டேன்னு அதுலயே எழுதியிருக்காரு. அடுத்த வருஷம் வேற பேர்ல அதைப் புத்தகமாப் போட்டாரு. யாரு எழுதுனதுன்னு தெரியாம அவரோட சிநேகிதங்களே, துக்கத்துல இருக்கியேப்பா, இதைப் படி, ஆறுதலா இருக்கும்னு அவருகிட்டயே அவரு புத்தகத்தக் குடுத்த கூத்தும் நடந்துருக்கு. அதுல ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்றாரு, துக்கம்னா பயம் மாதிரியே இருக்கும்னு எனக்கு யாருமே சொல்லலையேன்னு. வயித்துல அதே படபடப்பு, அதே எச்சில் முழுங்குறது. ராத்திரி காரணமே இல்லாம நெஞ்சு அடிச்சுக்குதுன்னு நீங்க எழுதுனது இதுதான்.

உங்ககிட்டயும் நோட்டு தீரப்போகுது. பதினெட்டுப் பக்கம் இருக்குன்னு எண்ணி எழுதியிருக்கீங்க. தீரட்டும்.

எல்லாரும் ஆறு மாசத்துல ஒரு வருஷத்துல எழுதிர்றாங்கன்னு நெனச்சுறாதீங்க. இலங்கைக்காரங்க சோனாலி தெரணியகல, 2004 டிசம்பர் 26 சுனாமியில யால கடற்கரையில புருஷன், ரெண்டு பசங்க, அப்பா, அம்மா அஞ்சு பேரையும் ஒரே காலையில பறிகுடுத்தாங்க. லண்டன்ல இருந்த சொந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கவே அவங்களுக்கு வருஷக்கணக்கா ஆச்சு. சிகிச்சை குடுத்த டாக்டர் எழுதிப் பாருங்கன்னு சொன்னதுல தனக்காக எழுத ஆரம்பிச்சது, 2013ல 'வேவ்'னு புத்தகமா வந்துச்சு. நல்ல புத்தகம், ஆனா இப்போதைக்கு உங்களுக்கு வேணாம்னுதான் சொல்வேன். அதுல ஆறுதல்னு ஒரு வார்த்தை கெடைக்காது, நடுராத்திரி ரெண்டு மணிக்கு தனியா படிக்கிற புத்தகம் இல்ல அது. லீவு நாள், பகல், பக்கத்துல ஆளு இருக்கணும்.

தன் வீட்டு எழவ வச்சு இல்லாம, அடுத்தவங்க சாவ வச்சு எழுதுனவங்களும் உண்டு. டால்ஸ்டாய் 1886ல 'இவான் இலியிச்சின் மரணம்' எழுதுனதுக்குக் காரணம் அவரு ஊருப்பக்கம் துலாவுல செத்துப்போன ஒரு நீதிபதி, சொந்தக்காரர்கூட இல்ல. ஆனா அந்தப் பயம் அவருக்குள்ள முன்னாடியே இருந்துச்சு, 1869ல அர்ஸமாஸ்ங்குற ஊர்ல ராத்தங்குனப்ப ஒடம்புக்கு ஒண்ணுமே இல்லாம திடீர்னு சாவு பயம் வந்து ஆட்டி வச்சிருக்கு. இந்த நாவல் தமிழ்ல கெடைக்குது, சின்னதுதான், நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல கேட்டுப் பாருங்க. அதுல வேலைக்காரப் பையன் கெராசிம்னு ஒருத்தன் வருவான், எசமான் காலத் தூக்கித் தன் தோள்ல வச்சுக்கிட்டு ராத்திரி பூரா உக்காந்திருப்பான். மத்தவங்கல்லாம் சரியாயிரும் சரியாயிரும்னு பொய் சொல்லிட்டு இருக்குறப்ப அவன் ஒருத்தன்தான் பொய் சொல்ல மாட்டான். அந்தப் பையனுக்காகவே படிக்கலாம்.

அத்தையப் பத்தி. அவங்கள எதுத்துப் பேசாதீங்க, ஆனா அவங்க சொல்றதும் ஒரு வகையில வேடிக்கைதான். கேத வீட்டுல கையக் கோத்து வட்டமா உக்காந்து, போன ஆளு உக்காந்த திண்ணை, கட்டுன வேட்டி, வாங்கிட்டு வர்ற காராச்சேவுப் பொட்டலம் வரைக்கும் ஒண்ணு விடாம ராகம் போட்டு அழுறாங்களே, உங்க அத்தையும் அழுதுருப்பாங்க, அது என்னவாம்? டிடியன் ஷூவுக்கு எழுதுனது அதேதான், அவங்களுக்கு ராகம் போடத் தெரியல, கட்டிப் புடிச்சு அழ பங்காளி வீட்டுப் பொம்பளைங்க இல்ல, அதனால தனியா உக்காந்து எழுதுனாங்க. இப்ப நம்ம ஊர்லயும் அது கொறஞ்சுருச்சு, சந்துக்குச் சந்து கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸு, வாட்ஸப்ல ஆழ்ந்த இரங்கல், மூணாவது நாள் எல்லாரும் டூட்டிக்குப் போயிர்றோம். உங்க அத்தைக்கு ஒப்பாரி தெரியும்னா, ஒரு நாள் கிட்ட உக்காந்து "அத்தை, அன்னைக்கு அப்பாவுக்கு என்ன சொல்லி அழுதீங்க"ன்னு கேளுங்க. திட்டுனாலும் திட்டுவாங்க, சொன்னாலும் சொல்வாங்க. சொன்னா எழுதி வச்சுக்கங்க.

எழுதுறதுக்கு ஒரு சின்ன முறையும் சொல்றேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு உளவியலாளர் 1986லருந்து இதைச் சோதிச்சுப் பாத்துருக்காரு, மனச அறுக்குற விஷயத்த ஒரு நாளைக்குப் பதினஞ்சு நிமிஷம், தொடர்ந்து நாலு நாள் எழுதச் சொல்றது. நெறைய பேருக்கு ஒடம்பும் கொஞ்சம் தேவலாம்னு ஆயிருக்கு. ஆனா துக்கத்துல இருக்குறவங்களுக்கு எல்லாருக்கும் அப்படியே பலிக்கல, அதனால மருந்து மாதிரி நெனைக்காதீங்க. டைம் வச்சு எழுதுங்க, படுக்குறதுக்கு முன்னாடி வேணாம், சாயங்காலம் எழுதுங்க, எழுதுனதும் எந்திரிச்சு தெரு வரைக்கும் ஒரு நட. எழுத எழுத இன்னும் மோசமாத்தான் இருக்குன்னா நாலு நாள் நிறுத்திருங்க. அப்பா எவ்வளவு நல்லவருன்னு எழுதாதீங்க, அது ஃப்ளெக்ஸ்லயே இருக்கு. காஜா எடுக்குறப்ப நூல எப்படிப் பல்லால கடிப்பாரு, பண்டிகை சீசன்ல எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவாரு, மார்க் சாக்கு எந்தப் பாக்கெட்ல இருக்கும், இப்படி எழுதுங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கறாரா சொல்லணும். வாரக்கணக்கா தூக்கமில்ல, சோறு எறங்கல, வேலைக்குப் போக முடியல, இல்ல அப்பாகிட்டயே போயிரலாம்னு ஒரு தடவ தோணுனாலும் சரி, புத்தகத்த மூடி வச்சுட்டு ஆளுகிட்ட வாங்க. 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம், அரசாங்கத்தோட டெலிமானஸ், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க. உங்க லெட்டர்ல அப்படி ஒண்ணும் எனக்குத் தெரியல, இருந்தாலும் எழுதாம விட்டுருக்கலாம்ல.

அம்மாவுக்குத் தெரியாதுன்னீங்க. நீங்க எழுதுன பக்கத்தக் காட்ட வேணாம், அது உங்களோடது. ஆனா நோட்டோட முன்பக்கத்தக் காட்டுங்க. அதுல ஊர்ல பாதிப் பேரோட நெஞ்சளவும் சோல்டரும் இருக்கு, சில பேருக்குப் பக்கத்துல அப்பா ஏதோ ஒரு சின்ன அடையாளம் போட்டு வச்சுருக்காரு, எதுக்குன்னு புரியலன்னு எழுதியிருந்தீங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். கடன் சொல்லிட்டுப் போனவங்களா இருக்கும், இல்ல கொஞ்சம் லூஸா தைக்கச் சொன்னவங்களா இருக்கும், யாரு கண்டா. ஒரு மத்தியானம் அம்மாகிட்ட உக்காந்து ஒவ்வொரு பேரா கேளுங்க. எட்டாப்புலருந்து அம்மா கையெழுத்து ஏன்னு உங்களுக்கே தெரியும், பொம்பளப் புள்ள வளந்துருச்சுன்னு அப்பா டேப்ப அம்மா கையில குடுத்துட்டு வெளியே போயி நின்னிருப்பாரு, அம்மா உள்ளருந்து நம்பர் சொல்லாம தானே எழுதிக்கிட்டாங்க. அந்த மே மாசத்த எழுதுங்க, எத்தன பக்கம் வருதோ வரட்டும்.

கடையில தைக்காம கிடக்குற மூணு ஜாக்கெட் துணிய என்ன பண்றதுன்னு கடைசில கேட்டிருந்தீங்க. ஆளுங்களுக்கு ஃபோன் போட்டு வந்து வாங்கிக்கச் சொல்லுங்க, அட்வான்ஸ் குடுத்துருந்தா திருப்பிக் குடுத்துருங்க, கேதம் கேக்க வராம இருந்தவங்கன்னா அன்னைக்காச்சும் உக்காந்து ரெண்டு வார்த்த பேசிட்டுப் போவாங்க. அளவு நோட்ட மட்டும், வேற டெய்லர்கிட்ட காட்டணும் ஒரு நாள் குடுன்னு யாரு கேட்டாலும் குடுத்துறாதீங்க, அவங்க அளவ ஒரு சீட்டுல எழுதிக் குடுத்து அனுப்பி விடுங்க. டேப்பு மிஷின் மேலயே இருக்கட்டும்.